பத்து விரல் உறுதிமொழி

கேன்சர் இல்லை என்று தெரிந்ததும் ஆளாளுக்கு என்னை வாழ்த்தினார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், அதுவும் கட்டி இருந்த கையை. என் கணவர் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். சாதாரணக் கட்டிதானாம், உயிருக்கு ஒன்றும் ஆகாதாம். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். உயிர் போகாத நோய்க்கு நம் ஜனங்கள் இரண்டு நாளைக்கு மேல் இரக்கப்பட மாட்டார்கள் என்பது போகப் போகத்தான் புரிந்தது. இரண்டாவது தடவை அது வந்தபோது, "அதான் சாதா கட்டின்னு சொல்ட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அலஞ்சிகினு கீறே?" என்று கேட்டவளும் அதே பக்கத்துச் சீட்டுக்காரிதான்.

இடது கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, புறங்கையில் வந்தது அது. முதலில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. வேலையில் எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். அப்புறம் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போய், எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் முட்டை வெள்ளைக் கரு தடவிய துணிக் கட்டு ஒன்று போட்டுக்கொண்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வீக்கம் பாக்கிலிருந்து எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போகும். கைக்கென்றே தனியாக ஒரு டாக்டர் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். மற்ற எலும்பெல்லாம் குச்சி குச்சியாக வெள்ளையாய் இருக்க, மோதிர விரலுக்குக் கீழே இருந்தது மட்டும் நடுவில் உப்பி, உள்ளே சோப்பு நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாய் இருந்தது.

"இது கேன்சர் இல்லம்மா. ஆனா எலும்ப உள்ள இருந்தே தின்னும். திறந்து சுரண்டி எடுத்துட்டு, உங்க இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து அந்த இடத்த நிரப்பிடுவோம். இந்த ஜாதிக் கட்டி திரும்ப வரக்கூடியது. வலிச்சாலோ வீங்கினாலோ அன்னைக்கே வந்துடணும். மறுநாள்னு தள்ளக் கூடாது" என்றார்.

என் கணவருக்கு முதல் வாக்கியத்தைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை. "கேன்சர் இல்லல்ல டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டாக்டர் பொறுமையாக இல்லை என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. கடைசிவரைக்கும் என்னிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் நான் பொய்தான் சொன்னேன்.

முதல் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கையை விட இடுப்புதான் அதிகம் வலித்தது. கைக்குக் கட்டி வந்தால் இடுப்பு ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று அந்த மயக்கத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

நான் வேலை செய்தது, இப்போதும் செய்வது, தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில். கார் சீட்டுக்கு அடியில் வரும் சின்னச் சின்ன இரும்புக் கிளிப்புகளைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கிற வேலை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். நான் பிரஸ் மிஷின் முன்னால் நின்றேன். அதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அங்கே இரண்டு நிறச் சட்டை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறம், பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். சாம்பல் சட்டைக்காரியிடம் எந்த நாளும் கேட்டில் வைத்தே "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்று சொல்லிவிடலாம். நீலச் சட்டைக்காரியிடம் அப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தால் அவள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், சம்பளம் போகாது. நான் ஏழு வருஷம் சாம்பல் சட்டையில் இருந்தேன். அந்த ஏழு வருஷத்தில் அடையாள அட்டையில் கான்ட்ராக்டர் பெயர் நாலு தடவை மாறியது, என் போட்டோ மட்டும் மாறவில்லை. வருஷா வருஷம் ஏழெட்டுப் பேரை நீலத்துக்கு எடுப்பார்கள். அதற்கு ஒரு லிஸ்ட் உண்டு, கடைசியில் உடம்பு பரிசோதனையும் உண்டு. எனக்கு அந்த நீலச் சட்டை வேண்டும். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

காலையில் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை அகல விரித்து, "பத்து விரலோடு வந்தோம், பத்து விரலோடு வீடு திரும்புவோம்" என்று மூன்று தடவை கத்த வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று சிவப்பு எண்ணில் காட்டும். தினமும் செக்யூரிட்டி அதில் ஒன்றைக் கூட்டுவார். சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து வரும் வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு வருஷத்துக்குள் கட்டி திரும்ப வந்தது. டாக்டர் சொன்னபடி அன்றைக்கே ஓடினேன். இந்தத் தடவை இன்னும் ஆழமாகச் சுரண்டி, மிஷின் வைத்து உள்சுவரைத் தேய்த்து, ஏதோ மருந்து விட்டுக் கழுவி, எலும்புக்கென்று இருக்கிற சிமெண்டை வைத்து அடைப்பதாகச் சொன்னார்.

"இன்னா டாக்டர், ஊடு கட்ற சிமெண்டா?" என்று என் கணவர் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனிக்குத் திரும்பியபோது இந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "சிமெண்ட் கை வந்துட்ச்சு, வயி வுடுங்கோ" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் விஷம் இல்லை. விஷம் சூப்பர்வைசரின் அன்பான பேச்சில் இருந்தது.

"இன்னொரு வாட்டி லாங் லீவு போட்டீன்னா லிஸ்ட்ல பேரு நிக்காதும்மா. உன் நல்லதுக்குச் சொல்றேன். ரெண்டு வாட்டி நான் சமாளிச்சிட்டேன். மூணாவது வாட்டி மேல இருக்கறவங்க கேப்பாங்கல்ல?"

அதனால் மூன்றாவது வாட்டி வலித்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம் மறைத்தேன். இடது கையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டேன். வீட்டில் துணி அலசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லிஸ்ட் வந்து, பரிசோதனை முடிந்து, நீலச் சட்டை கைக்கு வந்த மறுநாள் டாக்டரிடம் போய் நிற்பது என்று கணக்குப் போட்டிருந்தேன். கட்டிக்கு என் கணக்கு தெரியவில்லை.

பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு, இடக் கைக்கு ஒன்று, வலக் கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது. நல்ல ஏற்பாடு, நல்ல மூளை உள்ளவர்கள் செய்தது. ஆனால் ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை அந்த இடப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்துவது என்னால் முடியவில்லை. ஒவ்வொரு அழுத்தலும் சிமெண்டுக்குள் போய்க் குத்தியது. ஒரு நாள் மத்தியானம் கேட் வாசலில் வாங்கித் தின்ற ஐஸ் குச்சி பாக்கெட்டில் இருந்தது. அதை ஒடித்து இடப் பொத்தானின் ஓரத்தில் செருகினேன். பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிட்டது. இனி வலக் கை மட்டும் போதும். புது மிஷின்களில் இந்த வித்தை பலிக்காது. எங்கள் மிஷின் பழசு, சொன்னதைக் கேட்டது.

வலிக்காக நான் செய்த காரியம் உற்பத்திக்கு உதவியது. இடக் கை சும்மா இருந்ததால் அடுத்த தகட்டை அது எடுத்து வைத்துவிடும், வேலை வேகமாகப் போனது. இரண்டாம் நாள் சூப்பர்வைசர் வந்து பார்த்தார். குச்சியைப் பார்த்தார், எத்தனை அடித்திருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். "நல்லா ஓடுதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் நாலு பழைய பிரஸ்ஸிலும் குச்சி இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாளில் ஒருவர் முன்னால் போய் எல்லாக் குச்சியையும் உருவிவிடுவார், அவர்கள் போனதும் நாங்களே மறுபடி வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் ஊத்துக்கோட்டைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள் என்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். என்னை விட ஆறு வயது சின்னவள். அடித்த கிளிப்புகளில் கோணலானதைப் பொறுக்கித் தள்ளுகிற மேஜையில் அவளுக்கு வேலை. குரல் பெரிசு. யார் டப்பாவைத் திறந்தாலும் முதல் வாய் அவளுடையது. நான் பாத்ரூமில் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுததை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

"யக்கா, இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு அய்துனு கீறே?"

சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். உடனே டாக்டரிடம் போ என்றாள். லிஸ்ட் என்றேன். "லிஸ்டாவது மண்ணாவது, பைத்தியமாக்கா நீ?" என்று திட்டினாள். திட்டி முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, எனக்கு வழியும் அவளே சொன்னாள்.

"நீ வந்து என் மேஜைல குந்திக்கினு பொறுக்கு. நான் உன் மிஷின்ல நின்னுகினு அடிக்கிறேன். லிஸ்ட் வர வரிக்கும்தான். அப்பாலிக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போயிடணும், சொல்ட்டேன்."

எண்ணிக்கை குறையாத வரை யார் எங்கே நின்றால் என்ன என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். நான் மேஜைக்குப் போனேன், அவள் என் பிரஸ்ஸுக்குப் போனாள். குச்சியை எடுத்துவிடு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதற்கு நான் இன்னும் எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகினேன். கைக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த நாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை நாளா வலி?"

"பத்து நாளா சார்."

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது பத்து நாள் வேலை இல்லம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இந்த எலும்ப மட்டும் எடுத்துட்டு, உங்க கால்ல இருந்து ஒரு எலும்ப எடுத்து வெச்சு விரலக் காப்பாத்தி இருப்பேன். இப்ப கட்டி எலும்போட ஓட்ட உடைச்சிக்கிட்டு சதைக்குள்ள வந்துடுச்சு. விரலோட சேர்த்து அடி எலும்பையும் எடுத்தாகணும்."

வராந்தாவில் என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. "எங்கிட்ட கூட சொல்லலியே, நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார். சொல்லியிருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. இதையும் அவரிடம் சொல்லவில்லை.

இந்தத் தடவை தோளுக்குக் கீழே கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. என் கை யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டை போலக் கிடந்தது. விரலையும் எலும்பையும் எடுத்துவிட்டு, சுண்டு விரலை நடு விரலுக்குப் பக்கத்தில் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் பிரிக்கிற அன்று, திரும்ப வருமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"இந்தக் கையில வராது. வர்றதுக்கு அங்க எலும்பே இல்லையேம்மா. ஆனா இது அபூர்வமா நுரையீரலுக்குப் போகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மார்பு எக்ஸ்ரே எடுக்கணும், இதையாவது மறைக்காதீங்க" என்றார்.

கை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. விகாரம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காய்கறிக் கடையில் பையை நீட்டினால் யாரும் கவனிப்பதில்லை. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எண்ணிப் பார்க்கிற இடம் எங்கள் கம்பெனி ஒன்றுதான்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பினேன். மேஜை வேலைக்குக் கண் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை உறுதிமொழியில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். எனக்கு முன்னால் நின்ற சூப்பர்வைசரின் கண் என் கையில் வந்து நின்றது. முடிந்ததும் பக்கத்தில் வந்து, "நாளையிலேர்ந்து நீ கடைசி வரிசையில நில்லும்மா. வர்றவங்க பார்த்தா நம்ம கம்பெனியில அடிபட்டதுன்னு தப்பா நினைச்சுக்குவாங்க" என்றார். லிஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த வருஷ லிஸ்ட் தள்ளிப்போயிருக்கிறது, என் பெயர் இருக்கிறது, ஆனால் பரிசோதனையில் என்ன சொல்வார்களோ என்றார். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

ஊத்துக்கோட்டைக்காரி இன்னும் என் பிரஸ்ஸில்தான் நின்றாள். "இதுவே எனக்குப் பயகிப் போச்சு, நீ குந்துக்கா" என்றாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். மேஜையை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.

நான் திரும்பி வந்த மூன்றாவது வாரம், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் பிரஸ் நின்றது. கத்தல் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் விழுகிற அடி விழாததால்தான் திரும்பிப் பார்த்தேன். இடக் கையை எண்ணெய்த் துணியில் சுற்றி, வலக் கையால் பிடித்துக்கொண்டு, அவள் என்னைப் பார்த்து நடந்து வந்தாள்.

"யக்கா, பூட்ச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

இடது கை, மோதிர விரல், இரண்டு கணு. நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். நேராக பிரஸ்ஸுக்குப் போனார், இடப் பொத்தானிலிருந்து குச்சியை உருவிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் அவள் கையைப் பார்க்க வந்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பார்த்தேன்.

கம்பெனி ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. அதை எடுக்கவில்லை. ஆபீசர் ஒருவரின் சொந்தக் காரில் அவளை ஏற்றி, எங்கோ ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைய வருகைப் பதிவில் அவள் வேலைக்கே வரவில்லை என்று இருந்தது. மறுநாள் காலை பலகையில் எண் வழக்கம் போல ஒன்று கூடியிருந்தது. நாங்கள் கையைத் தூக்கி, பத்து விரலோடு வந்தோம் என்று கத்தினோம். நானும் கத்தினேன்.

யாரோ போன் செய்து புகார் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் ஆட்களைக் கவனிக்கும் ஆபீசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏழு வருஷத்தில் அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உன் ஆஸ்பத்திரி ஃபைல் மொத்தமும் இருக்குதாம்மா? நாளைக்குக் கொண்டாந்துடு. நீ பொய் எதுவும் சொல்ல வேணாம். உனக்கு நடந்தத மட்டும் அப்படியே சொல்லு, போதும்." பேனாவை மூடித் திறந்தார். "லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்குது. மெடிக்கல நான் பார்த்துக்கறேன்."

எனக்குப் புரியாமல் இல்லை. பச்சைக் குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

அதிகாரி வயதானவர், மரியாதையானவர். என்னை எல்லா நேரமும் 'நீங்க' என்றுதான் பேசினார். பிரஸ் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இடது கை மோதிர விரல் போய்விட்டது என்பது புகார். "இவங்கதான் சார் அது" என்று ஆபீசர் என்னைக் காட்டினார். நான் கையை மேஜை மேல் வைத்தேன். இடது கை, மோதிர விரல், பிரஸ் பகுதிப் பெண். ஒன்றும் தப்பில்லை. கேட்டதற்கெல்லாம் சொன்னேன். எப்போது வீங்கியது, எத்தனை தடவை சுரண்டினார்கள், எங்கே எலும்பு எடுத்தார்கள், ஏன் கடைசியில் விரலை எடுத்தார்கள் எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் சீட்டு இருந்தது. அவர் எக்ஸ்ரேக்களை வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்கம்மா" என்றார். உண்மையாகவே இரக்கப்பட்டார். ஃபைலை மூடிவிட்டு, எழுதப் போகிறவர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த செக்‌ஷன்ல வேற யாருக்காவது இந்த மாதிரி விரல் போயிருக்கா?"

"இல்ல சார்" என்றேன்.

அதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. பயந்து போய்ச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் குச்சி வெளியே வரும், முதல் குச்சி யாருடையது என்ற கேள்வியும் வரும், அதனால் சொன்னேன் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நிஜம். ஆனால் வாயைத் திறந்த அந்த நொடியில் என் கண் முன்னால் இருந்தது நீலச் சட்டைதான்.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. சட்டை இரண்டு கொடுத்தார்கள். ஒன்றுக்குக் கை நீளம், பிடித்துத் தைத்துக்கொண்டேன். என் கணவர் மறுபடியும் பிரியாணி வாங்கி வந்தார்.

மார்பு எக்ஸ்ரேக்குச் சென்னை போன ஒரு சனிக்கிழமை, திரும்பும்போது பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன். எந்தத் தைரியத்தில் ஏறினேன் என்று தெரியவில்லை. அவள் வீட்டு வாசலில் இட்லி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாக்கா, குந்து" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். அதிகாரி வந்தது, நான் சொன்னது, சட்டை வந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி பஸ்ஸில் பேசாத பேச்சா? அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன்.

என் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எக்ஸ்ரேயாக உருவி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். முதல் படத்தில் விரல் இருந்தது, கடைசிப் படத்தில் இல்லை.

"ஒன் வெரலுக்கு எத்தினி பேப்பருக்கா கீது! நோவு வந்ததுலேர்ந்து வெட்டி எட்த்த வரிக்கும் அல்லாத்தியும் எய்தி வெச்சிகினு கீறாங்கோ. எனுக்கு ஒரு துண்டு சீட்டு இல்ல. அந்தக் கிளினிக்ல கூட ஊட்டுக் கதவுல நசுங்கினதுன்னு எய்திக்கினாங்களாம். கையத் தூக்கிக் காட்னா, அது கம்பெனில போச்சுன்றதுக்கு இன்னா ஆதாரம்ன்றாங்கோ."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"திங்கக்கெயம பத்து மணிக்குத் திருவள்ளூரு லேபர் ஆபீஸ்ல வரச் சொல்லிக்கீறாங்கோ. பாத்தவங்கோ யார்னா இருந்தா இட்டாரச் சொன்னாங்கோ." எக்ஸ்ரேக்களைத் தட்டி ஒழுங்காக்கி உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "நீ பாத்தியேக்கா. வந்து ஒரு வார்த்த சொல்லு. கம்பெனில போச்சுன்னு மட்டும் சொல்லு. குச்சியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அது என் குச்சி என்று அவளுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தெருமுனை வரை கூடவே வந்தாள்.

திங்கட்கிழமை காலை நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். கடைசி வரிசையில் நின்று கையைத் தூக்கினேன். பலகையில் ஒன்று கூடியிருந்தது. என் பழைய பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி நின்றாள், சாம்பல் சட்டை, இருபது வயது இருக்கும். இடப் பொத்தானில் குச்சி இருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து கோணல் கிளிப்புகளைப் பொறுக்கினேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். ஒன்பதே முக்காலுக்கு அவள் அந்த ஆபீஸ் வாசலுக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

பத்து மணிக்கு டீ மணி அடித்தது. எழுந்து போய் டீ குடித்தேன்.